நாய் பழப்புளியைத் தின்றுவிட்டது, உப்புத் தண்ணீர் பருக்கலாமா?

கேள்வி: பாலையூற்றுப் பெண்

எங்கள் ஜிம்மிக்கு ஏழு மாதம், எடை 9 கிலோ. பாரைமீன் குழம்புக்கு ஊறப்போட்டிருந்த பழப்புளிக் கிண்ணத்தைக் கவிழ்த்து, தேசிக்காய் அளவு உருண்டையைக் கொட்டையோடு விழுங்கிவிட்டது. ஒரு மணி நேரமாகிறது. வாலை ஆட்டிக்கொண்டுதான் நிற்கிறது. உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தியெடுக்க வைக்கச் சொல்கிறார் மாமி. செய்யலாமா?

பதில்: உவர்மலை அக்கா

வேண்டாம் தங்கச்சி, அளவு மீறினால் உப்பே நாய்க்கு நஞ்சு. இப்போதே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். வாலாட்டுவதை நம்பாதீர்கள்.

முந்திரிகை வற்றல் (உலர்ந்த திராட்சை) நாயின் சிறுநீரகத்தை ஏன் கெடுக்கிறது என்பது நெடுங்காலம் விளங்காமலே இருந்தது. 2021இல் அமெரிக்க விலங்கு மருத்துவர்கள் அதிலுள்ள டார்டாரிக் என்ற புளிப்பு அமிலத்தின் மேல் சந்தேகம் கொண்டார்கள். அந்த அமிலம் நிறைந்தது நமது பழப்புளி. புளி தின்று சிறுநீரகம் பழுதான நாய்களைப் பற்றி 2022இல் கட்டுரையே வந்தது. முதலில் வாந்தி, சோர்வு. ஓரிரு நாளில் சிறுநீர் குறைந்துவிடும். அதன்பிறகு காப்பாற்றுவது கடினம்.

எங்கள் ராணிக்குச் சீனிச்சம்பல் மிச்சத்தை நானே தட்டில் போட்டேன். முழுக்க வெங்காயம். மூன்று நாள் ஓடி விளையாடியது. நான்காம் நாள் பல் முரசு வெளுத்து, சிறுநீர் சாயத்தேநீர் நிறத்தில் போனது. வெங்காயம் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வதக்கினாலும் பொரித்தாலும் அந்தக் குணம் போகாது. கிலோ எடைக்கு 15 முதல் 30 கிராம் போதுமாம். அன்றே கொண்டு போயிருந்தால் வயிற்றிலிருந்து எடுத்திருக்கலாம் என்றார் வைத்தியர். ராணி பிழைக்கவில்லை. எழுதும்போது இன்றும் கை நடுங்குகிறது. தயவுசெய்து புறப்படுங்கள்.

பதில்: நிலாவெளித் தம்பி

அக்கா சொல்வது சரி. மிச்சப் புளியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். எவ்வளவு, எத்தனை மணிக்கு என்றுதான் முதலில் கேட்பார்கள். இனிமேல் குழம்புச் சோறு வேண்டாம். குழம்பு கூட்டுவதற்கு முன்பே இரண்டு துண்டு மீனைத் தனியே அவித்து, முள்ளெடுத்துச் சோற்றில் பிசைந்து வையுங்கள். நான் எங்கள் இரண்டு நாய்களுக்கும் அப்படித்தான் கொடுக்கிறேன்.

பதில்: பாலையூற்றுப் பெண்

முச்சக்கரவண்டி பிடித்து ஓடினோம். ஊசி போட்டு வாந்தியெடுக்க வைத்தார்கள். கொட்டையும் தும்புமாக வந்தது. சேலைன் ஏறுகிறது, இரத்தமும் எடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் சோதிக்க வேண்டுமாம். அக்கா, ராணியைப் பற்றி வாசித்துக் காட்டியதும் மாமிதான் முதலில் செருப்பை மாட்டினார். இப்போதும் ஜிம்மியின் தலையைத் தன் மடியில் வைத்திருக்கிறார்.