கத்தரி விதைத்த இடத்தில் பாகல் முளைத்தது

பிள்ளைகள் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு, என் 43-ஆம் வயதில், சைவ சித்தாந்தமும் சித்தர் மரபும் பாடமாக உள்ள முதுகலைப் படிப்பில் சேர்ந்தேன். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் நடந்தே போய் வந்த காரைக்குடிப் பக்கத்துப் பெண்ணுக்கு இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று உறவினர்கள் கேட்டார்கள். எனக்கும் உள்ளூர அந்த எண்ணம் இருந்தது.

திருமந்திரத்தின் ஒன்பதாம் தந்திரத்தில் 'சூனிய சம்பாஷணை' என்றொரு பகுதி உண்டு. முழுக்க முழுக்க மறைபொருளாகப் பேசுவது. அதில் ஒரு பாட்டில் கத்தரி விதை போட்ட இடத்தில் பாகல் முளைக்கிறது, புழுதியைத் தோண்டினால் பூசணி பூக்கிறது, தோட்டக் குடிகள் தொழுதுகொண்டே ஓடுகிறார்கள், முடிவில் வாழைக்கனி முழுதும் பழுத்து நிற்கிறது. ஏழு நாள் உரைநூலைத் திறக்கக் கூடாது, காலையில் ஒருமுறை வாய்விட்டுப் படித்து, மனக்கண்ணில் தோன்றுவதை இரவில் எழுத வேண்டும் என்றார் எங்கள் பேராசிரியர்.

முதல் இரண்டு நாளும் ஒவ்வொரு காய்க்கும் யோகநூல்கள் உடலுக்குள் இருப்பதாகச் சொல்லும் ஓர் ஆதாரச் சக்கரத்தைப் பொருத்தி, பக்கம் பக்கமாக எழுதினேன். "பாட்டில் இல்லாததையெல்லாம் எழுதியிருக்கிறீர்கள், தோட்டத்தைக் காணோம்" என்று அவர் திருப்பித் தந்துவிட்டார். அன்று மனம் சுருங்கியது. இன்று யோசித்தால், கற்பனை என்ற பெயரில் மனம் போன போக்கில் திரிந்தவளைப் பாட்டின் சொல்லுக்கு அவர் திருப்பியது சரிதான் என்றே படுகிறது.

நான்காம் நாள் தாய்வீட்டில் இருந்தேன். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டில் முறத்தை மடியில் வைத்து முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்த அப்பத்தாவுக்கு அந்தப் பாட்டைப் படித்துக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. கீரையிலிருந்து கையை எடுக்காமலே, "ஏன் ஆத்தா, எல்லாம் காச்சுப் பழுக்குற நேரத்துல தோட்டத்துல இருக்கவுக ஏன் ஓடணும்?" என்று கேட்டார். அதுவரை அந்த அடியை நான் கடந்து போயிருந்தேனே தவிர, நின்று பார்க்கவில்லை. அன்று மாலை விளக்கின் முன் கண்மூடி அமர்ந்தபோது என் காது சமையலறையில் குக்கர் விசிலை எண்ணிக்கொண்டிருந்தது. நாக்கு இரவுப் பலகாரத்தை நினைத்தது. தோட்டத்து விளைச்சலில் பிழைப்பவர்கள் யார் என்று அப்போது தெரிந்தது. எட்டாம் நாள் உரையைத் திறந்தேன்: வழுதலை (பாட்டில் கத்தரிக்கு உள்ள சொல்) யோகப் பயிற்சி, பாகல் வைராக்கியம், தோட்டக் குடிகள் ஐம்பொறிகள். முதல் நாளே படித்திருந்தால் மூன்று சொற்பொருளாக மனப்பாடம் செய்து முடித்திருப்பேன்.

படிப்பை விட்டு நெடுநாள் கழித்துக் கல்லூரிக்குத் திரும்பிய அமெரிக்கப் பெண்களை ஆராய்ந்து, 1978-இல் ஜாக் மெசிரோ என்ற கல்வியாளர் 'உருமாற்றக் கல்வி' என்ற கருத்தை முன்வைத்தார். பழைய புரிதல் செல்லாமல் போய்த் திகைக்கும் இடத்தில்தான் அத்தகைய கற்றல் தொடங்கும் என்பது அவர் கண்டது. மேலை மறைஞான மரபுகளை ஆராய்ந்த அந்துவான் ஃபைவ்ர் என்ற பிரெஞ்சு அறிஞர், அவற்றின் இன்றியமையாத கூறுகள் நான்கனுள் கற்பனையையும் உருமாற்றத்தையும் சேர்த்திருக்கிறார். இவற்றைப் படித்தபோது எனக்குக் கோவிலூர் மடம்தான் நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே தமிழில் வேதாந்த பாடம் சொல்லி வந்த மடம் அது. அங்கே போற்றப்படும் தமிழ் வேதாந்த நூலான கைவல்ய நவநீதத்தின் இரண்டாம் படலத்துக்குப் பெயரே 'சந்தேகம் தெளிதல்'. கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை (தெளிந்ததில் ஒன்றி நிற்றல்) என்று சித்தாந்தமும் படி வகுக்கிறது. நம் தேர்வுத்தாள் முதல் இரண்டோடு நின்றுவிடுகிறது என்பது என் ஆற்றாமை.

அந்த ஏழு நாள் குறிப்பேட்டுக்கு எப்படி மதிப்பெண் போடுவார் என்று பேராசிரியரிடம் கேட்டேன். எனக்கு நேர்ந்த அனுபவம் உயர்ந்ததா தாழ்ந்ததா என்று தாம் அளப்பதில்லை என்றும், எழுதிய ஒவ்வொரு வரியும் பாட்டின் எந்தச் சொல்லைப் பற்றிக்கொண்டு வந்தது என்பதை மட்டுமே பார்ப்பதாகவும் சொன்னார். அப்பத்தாவின் கேள்வி இருந்த பக்கத்தில், 'ஓடினார்' என்ற சொல்லின் கீழ் அவர் பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தார்.