ஜெர்மன், ரஷ்யன் இரண்டும் படிப்பவருக்கு ஆய்வு இன்டர்ன்ஷிப் எங்கே?

வெண்பனி:
பி.ஏ. மூன்றாம் ஆண்டு. ஜெர்மன் முதன்மைப் பாடம் (ஐரோப்பிய மொழித்திறன் அளவில் பி2), ரஷ்யன் துணைப்பாடம் (பி1). அடுத்த கோடையில் மூன்று மாதம் ஆவணக்காப்பகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ சேர வேண்டும். ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பான டி.ஏ.ஏ.டி.யின் ரைஸ் இன்டர்ன்ஷிப் திட்டம் அறிவியல், பொறியியல் மாணவர்களுக்காம். மொழி மாணவர்களுக்கு என்ன வழி? ரஷ்யாவுக்குப் போகாமலே ரஷ்யன் பயன்படும் இடம் உண்டா? ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லை.

சுவடிப்பெட்டி:
ஜெர்மன் மட்டும் தெரிந்தவர்கள் எல்லாரும் மார்பாஹ் இலக்கியக் காப்பகத்துக்கும் வைமார் நகர இலக்கியக் காப்பகத்துக்கும் எழுதுவார்கள். நீங்கள் இரண்டு மொழியும் ஒரே தாளில் வரும் இடங்களுக்கு எழுதுங்கள். பாட் ஆரோல்சனில் நாஜிகளால் பாதிக்கப்பட்டோரின் ஆவணங்களை வைத்திருக்கும் ஆரோல்சன் காப்பகம், ஜெர்மன்-சோவியத் போர் பற்றிய பெர்லின்-கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் அருங்காட்சியகம், டெட்மோல்டில் ரஷ்ய-ஜெர்மானியர் (ரஷ்யாவில் குடியேறிய ஜெர்மானியரின் வழிவந்தோர்) பண்பாட்டு அருங்காட்சியகம், சமிஸ்தாத் (சோவியத் காலத்தில் தணிக்கைக்குத் தப்பி ரகசியமாகப் பரவிய எழுத்துகள்) சேகரிப்பு வைத்திருக்கும் பிரேமன் பல்கலைக்கழகத்தின் கிழக்கு ஐரோப்பிய ஆய்வு மையம். விளம்பரம் வரும் வரை காத்திருக்காமல் ஆறு மாதம் முன்பே எழுதிக் கேளுங்கள்.

உங்களைப் போன்றவர் அங்கே ஏன் தேவை என்றால், பெயர்கள்தான் காரணம். ரஷ்யனில் ‘ஹ’ ஒலிக்குத் தனி எழுத்து கிடையாது (நமக்குக் கிரந்தமாவது இருக்கிறது). அதனால் ஹோஃப்மன் சோவியத் தாளில் ‘கோஃப்மன்’ ஆகிவிடுவார். மறுபக்கம், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்ட சோவியத் மக்களின் பெயரை ஜெர்மன் எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதினார். ஒரே ஆள் மூன்று பதிவு அட்டையில் மூன்று எழுத்துக்கூட்டலில் இருப்பார். இரு மொழியும் தெரிந்தவருக்குத்தான் அது ஒரே ஆள் என்று பிடிபடும்.

ஆரோல்சனின் ‘எவ்ரி நேம் கவுண்ட்ஸ்’ பணியில் வீட்டிலிருந்தே ஸ்கேன் அட்டைகளைப் படித்துப் பெயர்களைத் தட்டச்சு செய்யலாம். இப்போதே தொடங்கினால் விண்ணப்பத்தில் சொல்ல உண்மையான வேலை ஒன்று கையில் இருக்கும்.

கோப்பு47:
விசா பற்றி. வெளிநாட்டுப் பல்கலைக்கழக மாணவருக்கான படிப்புசார் இன்டர்ன்ஷிப் அதிகபட்சம் 12 மாதம். நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும்; உங்களுக்குச் சிக்கல் இல்லை. ஜெர்மன் வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதலும் வேண்டும். அதற்கு நிறுவனம்தான் விண்ணப்பிக்கும். பல விண்ணப்பங்கள் இங்கேதான் நிற்கின்றன, சிறிய அருங்காட்சியகங்களுக்கு இந்த நடைமுறையே தெரியாது. முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தையும் கவனியுங்கள். பாடத்திட்டத்தில் கட்டாயமான இன்டர்ன்ஷிப்புக்கு அது பொருந்தாது. விருப்ப இன்டர்ன்ஷிப் என்றால் மூன்று மாதம் வரை விலக்கு. தாண்டினால் முதல் நாளிலிருந்தே ஊதியம் தர வேண்டும். அதனால்தான் பல இடங்களில் ‘கட்டாய இன்டர்ன்ஷிப் மட்டும்’ என்று போடுகிறார்கள்.

டி.ஏ.ஏ.டி.யின் கோடை வகுப்பு உதவித்தொகை மொழி மாணவர்களுக்கும் உண்டு, ஆனால் அது வகுப்பு, வேலை அல்ல. ரஷ்யாவுக்கே போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: 2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் தந்த ‘விசா’, ‘மாஸ்டர்கார்டு’ வங்கி அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை.

வெண்பனி:
நன்றி. எங்கள் பாடத்திட்டத்தில் இது கட்டாயமில்லை, அப்படியானால் மூன்று மாதத்துக்குள் வைத்துக்கொள்கிறேன். கையெழுத்துப் பயிற்சி தேவைப்படுமா?

சுவடிப்பெட்டி:
கண்டிப்பாக. பழைய ஜெர்மன் கையெழுத்தான கூரெண்டைப் பள்ளிகளில் 1941-இல்தான் நிறுத்தினார்கள். அதில் ‘இ’ (e) எழுத்து ‘என்’ (n) போலவே இருக்கும். ‘யு’வின் (u) தலையில் ஒரு வளைவு, அது இல்லாவிட்டால் ‘யு’வுக்கும் ‘என்’னுக்கும் வேறுபாடே தெரியாது. ரஷ்யக் கையெழுத்தில் ‘ட’ ஒலி எழுத்து லத்தீன் ‘எம்’ மாதிரி, ‘ப’ ஒலி எழுத்து ‘என்’ மாதிரி. தினம் அரை மணி நேரம் படித்தால் போதாது, பார்த்து எழுதவும் வேண்டும். கை பழகினால்தான் கண் பழகும்.

எழுத்துப்பெயர்ப்பும் (ரஷ்ய எழுத்தை லத்தீன் எழுத்தில் மாற்றி எழுதுவது) முக்கியம். ஜெர்மன் நூலகப் பட்டியல்களில் ரஷ்ய எழுத்தாளர் செகாவை ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் ரஷ்ய மூலப் பதிப்புகள் பல தப்பிவிடும். ‘சி’யின் மேல் கொக்கி போட்ட (č) அறிவியல் எழுத்துப்பெயர்ப்பில் தேடுங்கள்.

கோப்பு47:
கடிதத்தில் ஒன்று. ஜெர்மனில் கடிதத் தொடக்கத்து விளிப்புக்குப் (‘அன்புள்ள...’ போன்ற வரி) பின் காற்புள்ளி வைத்தால் அடுத்த வரி சிறிய எழுத்தில் தொடங்கும். ரஷ்யனில் விளிப்பு முடிவில் ஆச்சரியக்குறி வழக்கம், பெயரோடு தந்தைவழிப் பெயரும் சேர்த்து எழுத வேண்டும். பி2 என்று எழுதிவிட்டு இதில் தவறினால் முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.