வலென்சியாவுக்கு மார்ச்சா, செப்டம்பரா?

நண்பர்களே, அடுத்த வருடம் அப்பா அம்மாவை ஸ்பெயினின் வலென்சியாவுக்கு ஒரு வாரம் கூட்டிப்போக நினைக்கிறேன். எந்த மாதம் என்பதில்தான் குழப்பம்.

மார்ச் என்றால் ஃபாயாஸ் திருவிழா. தெருவுக்குத் தெரு பிரம்மாண்டமான பொம்மைகளை நிறுத்தி, 19ஆம் தேதி இரவு கொளுத்துவார்கள். அம்மாவுக்கு அதைப் பார்க்க அவ்வளவு ஆசை. ஆனால் மார்ச் 1 முதலே தினமும் மதியம் 2 மணிக்கு நகராட்சிச் சதுக்கத்தில் வெடி அதிரும். அப்பாவுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, அதுதான் யோசனை.

செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக இருக்கும். நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி நெல் அறுவடையும் நடக்கும். வாழ்நாள் முழுக்க வயலில் நின்ற அப்பாவுக்கு அதைக் காட்டியே ஆக வேண்டும். ஆனால் இலையுதிர்காலத்தில் திடீரென்று பெருமழை கொட்டும் பகுதி அது. 2024 அக்டோபர் வெள்ளத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது. ஜூலை, ஆகஸ்ட் வெயில் வேண்டவே வேண்டாம்.

செப்டம்பரில் போனவர்கள் இருந்தால், மாதத் தொடக்கம் நல்லதா, கடைசியா என்று சொல்லுங்கள். அப்புறம், ஃபாயாஸ் நாட்களில் வெடிச்சத்தம் அதிகம் எட்டாத பகுதியில் தங்கியவர்கள் யாராவது உண்டா? வயதானவர்களோடு போன அனுபவம் இருந்தால் கட்டாயம் எழுதுங்கள்.