பிரிக்காமாவில் கேட்ட கோரா

மேற்கு ஆப்பிரிக்கத் தந்தி வாத்தியமான கோராவை ஒலிப்பதிவில் கேட்பது ஒன்று, வீட்டு முற்றத்தில் உட்கார்ந்து கேட்பது வேறொன்று. மாலி நாட்டின் கோரா கலைஞர் துமானி ஜபாத்தே வழியாகத்தான் நான் இந்த இசைக்குள் வந்தேன். 2024 ஜூலையில் அவர் காலமான செய்தி வந்த அன்றும், பாட்டே இல்லாமல் அவர் தனியாக வாசித்த பதிவுகளைத்தான் போட்டுக் கேட்டேன். அபாரமான வாசிப்பு. ஆனால் காம்பியாவில் வேலை பார்த்தபோது பிரிக்காமாவில் ஒரு பெயர் சூட்டு விழாவுக்குப் போயிருந்தேன். கோரா எதற்காக இருக்கிறது என்பது அங்கேதான் எனக்கு விளங்கியது.

பிரிக்காமாவுக்குக் கோராவில் பெரிய பெயர் உண்டு. 1970களிலேயே அமெரிக்கா போய் வாசித்த அல்ஹாஜி பாய் கோன்டே இந்த ஊர்க்காரர். கோன்டே, ஜொபார்டே, சுசோ, குயாத்தே போன்ற சில குடும்பங்களில்தான் இந்தக் கலை வழிவழியாக வருகிறது. இவர்களை ஜலி என்கிறார்கள். மண்டிங்கா மக்களின் வம்சக் கதைகளை மனப்பாடமாக வைத்திருப்பது, கல்யாணம் பேசுவது, சண்டை தீர்த்து வைப்பது எல்லாமே இவர்கள் பொறுப்பு. வாசிப்பு அதில் ஒரு பகுதிதான்.

அன்று வந்தவர் ஒரு பெரியவர். கூடவே அவர் மகனும், பாடுவதற்கு இரண்டு பெண்களும். பெரிய சுரைக்குடுக்கையைப் பாதியாக வெட்டி, மேலே மாட்டுத்தோலை இழுத்துக் கட்டியிருந்தார்கள். நடுவில் நீளமான மரத்தண்டு. 21 தந்திகள், இடப்பக்கம் 11, வலப்பக்கம் 10. முன்பெல்லாம் தோலை முறுக்கித் தந்தி செய்வார்களாம், இப்போது மீன்பிடி நைலான் நரம்புதான். தண்டில் வரிசையாகத் தோல் வளையங்கள். பெரியவர் அவற்றை ஒவ்வொன்றாகக் கையால் திருகி மேலும் கீழும் நகர்த்திச் சுருதி சேர்த்தார். நிறைய நேரம் எடுத்தது, யாருக்கும் அவசரமில்லை. கோலா கொட்டை கைமாறிக்கொண்டிருந்தது.

வாசிப்பது நான்கே விரல்கள். மற்ற விரல்கள் இரண்டு கைப்பிடிகளைப் பிடித்துக்கொள்ள, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வேலை செய்கின்றன. திரும்பத் திரும்ப வரும் அடிப்படை ஓட்டத்துக்குக் கும்பெங்கோ என்று பெயர். அதன் மேல் திடீரென்று சரசரவென இறங்கும் உதிரி வரிகள் பிரிமின்டிங்கோ. மகன் எதிரே உட்கார்ந்து குடுக்கையின் முதுகில் தட்டித் தாளம் கொடுத்தான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வாசலில் ஒரு விருந்தாளி நுழைந்தார். குடும்பப் பெயர் சானே என்று யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், வாசிப்பு நிற்காமலே ராகம் மாறியது. கெலெஃபா சானேயின் பாட்டு! மண்டிங்காக்களின் பழைய காபு ராஜ்யத்து வீரர் கெலெஃபா. நியூமி அரசருக்காகச் சண்டை போடப் போய், அந்தச் சண்டையிலேயே இறந்தவர். கோரா பழகும் பிள்ளைகள் முதலில் கற்பதே அவர் பாட்டைத்தான். பெரியவர் பாட்டை விட்டுவிட்டு வேகமாகப் பேச்சு நடையில் வம்சத்தைச் சொல்ல ஆரம்பித்தார். அதுவரை போனைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த விருந்தாளி நிமிர்ந்து உட்கார்ந்தார். அப்புறம் எழுந்துபோய், குடுக்கையின் பக்கவாட்டில் இருக்கும் வட்டத் துளைக்குள் பணத்தைச் செருகினார்.

இதைப் பணத்துக்காகப் புகழ்வது என்று சொல்லும் வெளியூர்க்காரர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. 1860களில் காபுவின் தலைநகரான கன்சலாவின் கோட்டைக்குள் ஃபூலா இனத்தவரின் படை நுழைந்தபோது, கடைசி அரசர் ஜங்கே வாலி வெடிமருந்துக் கிடங்குக்குத் தீவைத்துத் தன்னையும் சேர்த்து அழித்துக்கொண்டார் என்று பாடுகிறார்கள். காபு ராஜ்யம் அதோடு முடிந்தது. ஜலிகளை ஆதரித்த அரசர்களும் போய்விட்டார்கள். அந்தக் கதை இன்றும் ஜனங்கள் வாயில் இருக்கிறது என்றால், இப்படி முற்றம் முற்றமாகப் போய்ப் பாடியவர்களால்தான். அதற்குக் கொடுக்கும் பணம் பிச்சை ஆகாது. உன் முன்னோர் இப்படி வாழ்ந்தார்கள், நீ என்ன செய்கிறாய் என்று ஊர் கேட்க ஒருவர் கேட்கும்போது, அது வெறும் புகழ்ச்சியாகவும் இருக்க முடியாது.

அடுத்து என் முறை. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டார் பெரியவர். எனக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல் என்று கூட இருந்த நண்பர் மண்டிங்கா மொழியில் விளக்கினார். பெரியவர் விரல்களை நிறுத்தவில்லை. அப்பா பெயரைக் கேட்டார், தாத்தா பெயரைக் கேட்டார், இரண்டையும் தன் உச்சரிப்பில் சொல்லிப் பார்த்துக்கொண்டார். நண்பரின் அம்மா குறுக்கிட்டு, "இவன் எங்கள் வீட்டில் சாப்பிடுகிறவன், டார்போ என்று வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். உடனே டார்போ வம்சத்தின் பெருமை என்னைப் பார்த்தே பாடப்பட்டது. பெண்களில் ஒருவர் இரும்புக் குழாயைத் தட்டியபடி என் தாத்தா பெயரையும் இடையில் சேர்த்துப் பாடினார். என் தாத்தா பெயரை யாரும் பாடி நான் அதுவரை கேட்டதில்லை.

கோரா வாசிப்பு பரம்பரையாக ஆண்களிடம்தான் இருந்தது, பெண்கள் பாடுவார்கள். ஜொபார்டே குடும்பத்திலிருந்து வந்த சோனா ஜொபார்டே அதை மாற்றிக்காட்டியிருக்கிறார். காம்பியாவில் பள்ளி தொடங்கிப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுக்கிறார். அவர் கச்சேரி எங்காவது நடந்தால் விடாதீர்கள்.

நம்மில் யாராவது கினியா பக்கம் போயிருந்தால் எழுதுங்கள். நியாகாசோலாவில் குயாத்தே குடும்பத்தார் காத்துவரும் பழைய பாலஃபோனை (மரக்கட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம்) நேரில் பார்த்தவர்கள் உண்டா? அங்கே விருந்தாளியின் பெயரைக் கேட்டுப் பாடும் வழக்கம் எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை.