பிப் மேன்முறையீடு: சமையலுக்கு 2 புள்ளியா, 4 புள்ளியா?

ஹரோ_வாசி கேட்டது:

வணக்கம். இங்கிலாந்தில் வசிக்கும் 56 வயதுப் பெண் ஒருவருக்காகப் பிப் (Personal Independence Payment, நீண்டகால நோயோ இயலாமையோ உள்ளவர்களுக்கு அரசு தரும் உதவிப்பணம்) மேன்முறையீட்டுப் படிவம் நிரப்புகிறேன். ருமற்றோயிட் ஆத்திரைற்றிஸ், இரண்டு மணிக்கட்டும் விரல் மூட்டுகளும் பழுது. அன்றாட வாழ்வுப் பகுதியில் 6 புள்ளி வந்திருக்கிறது: சமையல் 2, குளிப்பு 2, உடுப்பு 2. நடமாட்டத்துக்கு 10 புள்ளி, அந்தப் பணம் வருகிறது. மறுபரிசீலனையிலும் மாற்றமில்லை.

சமையலைப் பற்றிய காரணம் இவ்வளவுதான்: உயர ஸ்டூலும் பாரம் குறைந்த சட்டியும் பாவித்தால் எளிய உணவு செய்யலாமாம், தேநீர் போடுகிறாராம், மைக்ரோவேவில் சாப்பாடு சூடாக்குகிறாராம், பின்னேரம் குடும்பத்துக்குச் சமைக்கிறாராம். உண்மையில் வெட்டுவது, இறக்குவது எல்லாம் மகள். இவர் பக்கத்தில் இருந்து உப்புப் புளி சொல்வார்.

எங்கள் சமையலில் சோறு, மூன்று கறி, தேங்காய் துருவுவது என்று வேலை அதிகம் என்பதை வைத்து வாதாடலாமா? 2 புள்ளியை 4 ஆக்க எதைக் காட்டவேண்டும்? சில நாட்கள் கை பரவாயில்லை, அது பாதிக்குமா?

—

பனங்கிழங்கு:

தேங்காய் துருவலை விட்டுவிடுங்கள். 2013ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளில் "எளிய உணவு" என்றால் ஒரு ஆளுக்கு, ஒரே தட்டில், புதிய பொருட்களை வைத்துச் சமைத்த சாப்பாடு. ஐந்து பேருக்கு மூன்று கறி வைக்க முடியாது என்பதால் ஒரு புள்ளியும் கூடாது. அவருக்குச் சமைக்கத் தெரியுமா, வீட்டில் யார் சமைப்பது வழக்கம் என்பதும் கணக்கில்லை. 2003இல், அப்போது அதியுயர் நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மொய்னா வழக்கில் இதைத் தெளிவாக்கியது. அது பிப்புக்கு முன்பிருந்த டிஎல்ஏ (Disability Living Allowance) என்ற உதவிப்பணத்தின் காலத் தீர்ப்பு, ஆனாலும் அடிப்படை ஒன்றே: சமையல் சோதனை ஒரு மனக்கணக்கு. இந்தக் கைகளால் இந்த வேலை ஆகுமா என்பதுதான் கேள்வி.

அதே வரையறை உங்களுக்கு உதவவும் செய்யும். "புதிய பொருட்கள்" என்று இருப்பதால் ஆக்கிவைத்த சாப்பாட்டை மைக்ரோவேவில் சூடாக்குவது எளிய உணவு சமைப்பதாகாது. தேநீரும் அப்படித்தான். அவர்கள் சொன்ன காரணத்தின் முக்கால்வாசி இதிலேயே விழுந்துவிடும்.

புள்ளிகள் இப்படிப் போகும் (அடைப்புக்குறிக்குள் விதியின் உட்பிரிவு எழுத்து). கருவி தேவையென்றால் 2 (பி). அடுப்பில் முடியாது, மைக்ரோவேவில் சமைக்க முடியும் என்றால் 2 (சி). ஒருவர் நினைவூட்டவோ ஊக்கப்படுத்தவோ விளக்கவோ வேண்டுமென்றால் 2 (டி). ஒருவரின் கண்காணிப்போ உதவியோ வேண்டுமென்றால் 4 (ஈ). தயாரிக்கவும் சமைக்கவும் முடியவே முடியாதென்றால் 8 (எஃப்). இவை கூட்டப்படுவதில்லை, ஒன்றுதான் கிடைக்கும். 4 கிடைத்தால் உங்கள் மொத்தம் 8, ஸ்டாண்டர்ட் தொகைக்குக் காணும்.

"உதவி" என்றால் இன்னொருவர் கையால் செய்து தருவது. வாயால் சொல்வது சேராது. "கண்காணிப்பு" என்றால் பாதுகாப்புக்காக விடாமல் பக்கத்திலேயே இருப்பது. எட்டிப் பார்த்துவிட்டுப் போவது போதாது.

இன்னொன்று: "சமைப்பது" என்பது இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ சூடாக்குவது. அவண் அடுப்புக்குக் குனிய முடியாது என்று அரைப் பக்கம் எழுதிப் பிரயோசனம் இல்லை. கடைக்குப் போவதும் பாத்திரம் கழுவுவதும் இந்தச் செயலுக்குள் வராது.

—

குசினிப்பூனை:

பனங்கிழங்கு சொன்னதோடு நான்காம் ஒழுங்குவிதியையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வேலையைச் செய்ய முடியும் என்று சொல்ல நான்கும் பொருந்தவேண்டும்: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், தேவையான தடவை திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். நியாயமான நேரம் என்றால் நோயில்லாத ஒருவர் எடுக்கும் அதிகபட்ச நேரத்தைப்போல் இரண்டு மடங்கைத் தாண்டக்கூடாது. மற்றவருக்கு 30 நிமிட வேலை இவருக்கு 70 நிமிடம் என்றால் "முடியாது" என்றே கணக்கு.

படிவத்தில் நோயின் பெயரை ஐந்து தடவை எழுதுவதைவிட ஒரு சாப்பாட்டைப் படிப்படியாக எழுதுங்கள். ஒரு ஆளுக்குச் சோறும் உருளைக்கிழங்குக் கறியும் எடுத்துக்கொள்ளலாம். கிழங்கைப் பிடித்துத் தோல் சீவுதல், வெங்காயம் வெட்டுதல், தக்காளி ரின் திறத்தல், சட்டியில் தண்ணீர் பிடித்து அடுப்புக்குக் கொண்டுபோதல், கிளறுதல், கொதிக்கும் சட்டியை இறக்கி வடித்தல். ஒவ்வொன்றிலும் நாலு விஷயம் வரட்டும்: எங்கே கை விடுகிறது, என்ன நடந்தது, கிழமையில் எத்தனை நாள், யார் செய்து தருகிறார். "வெட்ட ஏலாது" என்பது வெறும் வசனம். "கத்தியை அழுத்தும்போது மணிக்கட்டு மடங்குகிறது, இரண்டு கிழங்குக்குமேல் பிடி தளர்ந்து கத்தி வழுக்குகிறது, பிறகு இரவுவரை வீக்கம்" என்பது சாட்சி. விதியில் பாதுகாப்பு என்பது வேலை நடக்கும்போது மட்டுமல்ல, முடிந்த பிறகும்தான்.

இப்போது முக்கியமான இடம். அவர்கள் 2 தந்தது கருவியை நம்பி. அந்தக் கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அது இந்தக் குறையைத் தீர்க்கிறதா என்று பதில் எழுதுங்கள். ஸ்டூல் நிற்பதற்கு உதவும்; பிடிக்கு உதவாது. பாரமில்லாத சட்டி நல்லதுதான், ஆனால் ஒரு லீற்றர் தண்ணீர் எந்தச் சட்டியிலும் ஒரு கிலோதான். தீர்ப்பாயத்தில் கட்டாயம் வரும் கேள்வி, "துளைக்கரண்டியால் அள்ளி எடுக்கலாமே, கம்பிக்கூடை வைத்து வேகவைக்கலாமே?" அது நியாயமான கேள்வி. வடிப்பதை மட்டும் நம்பினால் வாதம் அங்கேயே சரியும். அதனால் வாதத்தின் பாரத்தை வெட்டுவதிலும் சீவுவதிலும் போடுங்கள். ஆணிப்பலகை பொருளை அசையாமல் வைத்திருக்கும், கத்தியை அழுத்தும் வேலை கைக்குத்தான். மின்சாரச் சொப்பரில் மூடியைத் திருகிப் பூட்டவேண்டும். கடையில் வெட்டி விற்கும் மரக்கறி கருவி ஆகாது. தானாக வெட்ட முடியாததால் அதையே நம்பியிருக்கிறார் என்றால் ஆள் உதவியோ கருவியோ தேவைப்படுபவராகக் கருதலாம் என்று மதிப்பீட்டாளர்களின் வழிகாட்டியே சொல்கிறது.

ரைஸ் குக்கரைக் கருவியாகக் காட்டி வாதாடவேண்டாம். எல்லாரும் பாவிக்கும் சாமான், அதோடு கருவிக்கான 2 ஏற்கெனவே கையில் இருக்கிறது.

நல்ல நாள், கெட்ட நாள்: பாதிக்கு மேற்பட்ட நாட்களைப் பார்ப்பார்கள். ஒரு நாளில் காலையில் மட்டும் விறைப்பு என்றாலும், அது அற்பமானதாக இல்லாவிட்டால் அந்த நாள் கணக்கில் வரும். கிழமையில் 3 நாள் மகளின் கை வேண்டும், 2 நாள் கருவி போதும், 2 நாள் பிரச்சினையில்லை என்று வையுங்கள். எதுவும் தனியாகப் பாதியைத் தாண்டவில்லை. ஆனால் புள்ளியுள்ள இரண்டையும் கூட்டினால் 5 நாள். அப்போது அதிக நாட்களுக்குப் பொருந்துவது எதுவோ அதன் புள்ளி கிடைக்கும்: 4. இரண்டும் சரிசமம் என்றால் கூடிய புள்ளி. நான்கு கிழமைக்கு ஒரு நாட்குறிப்பு எழுதச் சொல்லுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு வரி போதும்.

—

ஹரோ_வாசி:

மிக்க நன்றி இருவருக்கும். "குடும்பத்துக்குச் சமைக்கிறார்" என்ற வரியை என்ன செய்வது? ஃபோனில் நடந்த மதிப்பீடு, மொழிபெயர்ப்பாளர் இருந்திருக்கிறார். அவர் "நாங்கள் பின்னேரம் சமைப்பம்" என்றுதான் சொன்னாராம்.

—

நெடுந்தீவுக்_காற்று:

அங்கதான் வழுக்கினது. எங்கட கதையில "சமைப்பம்" எண்டால் வீட்டில சமையல் நடக்கும் எண்டதுதான் கருத்து, ஆர் கத்தி பிடிச்சது எண்டு அதில இல்லை. அந்த வரிக்கு மறுப்பாக மகள் ஒரு கடிதம் எழுதட்டும்: எந்தெந்த வேலை தான் செய்யிறன், எப்ப தொடங்கி, தான் இல்லாத நாளில அம்மா என்ன சாப்பிடுறா. கடைசிக் கேள்விக்கு "பாண், பிஸ்கட்" எண்ட பதில் வந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை.

விசாரணைக்கு முதல் அம்மாவுக்கு ரெண்டு சொல்லைப் பற்றிச் சொல்லி வையுங்கோ. ஒண்டு "சமாளிப்பன்". நாங்கள் அதைச் சொல்லுறது கஷ்டத்தை மறைக்க. இங்கிலீசில போகேக்க பிரச்சினையே இல்லை எண்ட மாதிரி விழும். மற்றது "ஏலாது". சுகமில்லை எண்டதுக்கும் அதுதான், செய்ய முடியாது எண்டதுக்கும் அதுதான். "எனக்கு ஏலாது" எண்டு நிப்பாட்டாமல் "கத்தியை அமத்தேக்க கை விட்டிடும்" எண்டு உடம்பு செய்யிறதைச் சொல்லட்டும்.

படிவத்தில மொழிபெயர்ப்பாளர் வேணும் எண்டு குறிக்கேக்க இலங்கைத் தமிழ் எண்டும் எழுதுங்கோ. செலவு இல்லை. மகளை மொழிபெயர்க்க விடாதேங்கோ, அவ சாட்சி. தாள்களை மட்டும் பார்த்து முடிவெடுக்கிற முறையைத் தெரிவு செய்யாதேங்கோ. நீதிபதி, டொக்டர், இயலாமை பற்றித் தெரிஞ்ச ஒராள், இந்த மூண்டு பேருக்கும் கையைக் காட்டவேணும்.

—

பனங்கிழங்கு:

நாள் விஷயம் மறந்துவிட்டேன். மறுபரிசீலனைக் கடிதத்தில் இருக்கும் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மேன்முறையீடு போகவேண்டும். தீர்ப்பாயம் பார்ப்பது முதல் முடிவு எடுத்த நாளில் இருந்த நிலையை. பிறகு கை இன்னும் மோசமானது அதில் வராது. ஜீபியோ (குடும்ப டொக்டர்) கைத்தெரபிஸ்ட்டோ இப்போது கடிதம் தந்தாலும், அந்தத் திகதியில் எப்படி இருந்தது என்று எழுதித் தரச் சொல்லுங்கள். பிடியின் வலு அளந்த குறிப்பு இருந்தால் அதன் பிரதியும் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. தீர்ப்பாயம் முழு முடிவையும் திறந்து பார்க்கலாம், நடமாட்டத்தின் 10 புள்ளி உட்பட. அதைக் குறைக்கும் எண்ணம் வந்தால் பொதுவாக முன்கூட்டியே சொல்லி யோசிக்க நேரம் தருவார்கள். இருந்தாலும் 20 முதல் 50 மீற்றர் நடை பற்றிய சாட்சியையும் தயாராக வையுங்கள்.

—

ஹரோ_வாசி:

அவருக்கு வலிப்பும் உண்டு. மாதத்தில் ஒன்று, இரண்டு. பாதி நாளுக்குமேல் இல்லையே என்று எழுதாமல் விட்டிருந்தோம்.

—

குசினிப்பூனை:

ஐயோ, அதை எழுதுங்கள்! வலிப்பு எத்தனை நாள் வந்தது என்பதல்ல, எத்தனை நாள் கண்காணிப்புத் தேவை என்பதுதான் கணக்கு. எப்போது வரும் என்று தெரியாவிட்டால் அடுப்படியில் நிற்கும் ஒவ்வொரு நாளும் தேவை. 2017இல் மேல் தீர்ப்பாயத்தின் மூன்று நீதிபதிகள் ஆர்ஜே வழக்கில் சொன்னது: ஆபத்து வருவதற்குப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கவேண்டும் என்றில்லை, வந்தால் எவ்வளவு கொடூரம் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். கொதிக்கும் எண்ணெய், கையில் கத்தி. முன்னறிகுறி தெரியுமா, தெரிந்தால் எத்தனை வினாடி, அடுப்பை அணைக்க நேரம் உண்டா, மயங்கி விழுவாரா என்று எழுதுங்கள். குளிப்புக்கும் இதே கேள்வி வரும், அந்த 2 புள்ளியையும் திரும்பப் பாருங்கள்.