நாணயம் சுழன்ற ஆண்டு: மாலத்தீவில் ஒரு கால்பந்துப் பருவம்

மாலேயில் கணக்கராக இருந்தவர்:

2016 முதல் 2019 வரை மாலேயில் கட்டுமானப் பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் கணக்கராகப் பணியாற்றினேன். குமரி மாவட்டத்துக் கடற்கரை ஊர்க்காரன் ஆகையால் மணலில் பந்து உதைத்தே வளர்ந்தவன். இருந்தும், ஒரு தலைநகரமே மைதானத்தைச் சுற்றி வாழ்வதை அங்கேதான் கண்டேன். மாலே என்பது ஏறக்குறைய இரண்டு சதுர கிலோமீட்டர் நிலம். அதில் கலொல்ஹு பகுதியில் தேசியக் கால்பந்து அரங்கம் இருக்கிறது. அங்கே கோல் விழுந்தால், நான்கு தெரு தள்ளியிருந்த என் அறையில் அந்த ஆரவாரம் கேட்கும். எழும் ஒலியின் அளவைக் கொண்டே எந்தக் கழகம் கோல் அடித்தது என்று எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். மைதானத்தை அவர்கள் திவேஹி மொழியில் 'தண்டு' என்கிறார்கள். வந்த புதிதில் எனக்குப் பழகிய முதல் சொற்களில் அதுவும் ஒன்று.

நான் சொல்ல விரும்புவது 2018ஆம் ஆண்டைப் பற்றி. அந்தப் பருவத்தின் தொடக்கத்திலேயே எனக்கு ஒரு தர்மசங்கடம் காத்திருந்தது. பிப்ரவரியில் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பையின் தகுதிச் சுற்றுக்காகப் பெங்களூரு அணி மாலேக்கு வந்து டிசி ஸ்போர்ட்ஸ் கழகத்தை 3-2 என்று வென்றது. நான் அலுவலக நண்பர்களோடு உள்ளூர் இரசிகர்கள் நடுவே உட்கார்ந்திருந்தேன். பெங்களூரு கோல் அடித்தபோதெல்லாம் கையைத் தொடைமேல் அழுத்தி வைத்துக்கொண்டேன். ஏப்ரலில் அதே பெங்களூரு குழுச் சுற்றில் நியூ ரேடியன்ட் கழகத்தைச் சந்திக்க மறுபடியும் வந்தது. இந்த முறை 2-0 என்று நியூ ரேடியன்ட் வென்றது. 1979இல் தொடங்கிய அந்த நீலச்சட்டைக் கழகம் 2005இல் இதே கோப்பையின் அரையிறுதிவரை சென்றது என்பதை அன்றிரவு தேநீர்க்கடையில் குறைந்தது மூன்று பேராவது எனக்கு எடுத்துச் சொன்னார்கள்.

அந்தத் தேநீர்க்கடைகளைப் பற்றிச் சற்றுச் சொல்ல வேண்டும். 'ஹொட்டா' என்பார்கள். 'ஹெதிகா' எனப்படும் சிற்றுண்டித் தட்டுகளில் சூரை மீன் வைத்த உருண்டையும் பஜியாவும் வந்துகொண்டே இருக்கும். தேசிய அணியின் தேர்வுக் குழு ஏதோ ஓர் அறையில் கூடுவதாகச் செய்தித்தாள்கள் எழுதினாலும், உண்மையான தேர்வு அங்கேதான் நடந்ததாக எனக்குத் தோன்றும். ஆகஸ்ட் இறுதியில் விமான நிலையத் தீவுக்கும் மாலேக்கும் இடையிலான பாலம் திறக்கப்பட்டது, செப்டம்பர் 23இல் அதிபர் தேர்தல் வரவிருந்தது. ஆனாலும் கடையில் பேச்செல்லாம் அலி அஷ்ஃபாக் ஏன் அணியில் இல்லை என்பதாகவே இருந்தது. 2013 தெற்காசியக் கால்பந்துப் போட்டியில் பத்து கோல் அடித்தவரை, இலங்கைக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் ஆறு கோல் போட்டவரை, பயிற்சியாளர் பீட்டர் செக்ர்ட் அந்த ஆண்டின் தெற்காசியப் போட்டிக்காக டாக்காவுக்கு அழைத்துச் செல்லவில்லை. கடைக்காரர் இதைத் தம் குடும்பத்துக்கு நேர்ந்த அவமதிப்பாகவே எடுத்துக்கொண்டார்.

டாக்காவில் நடந்தது அவருடைய கோபத்துக்கு எண்ணெய் வார்த்தது. செப்டம்பர் 7இல் இலங்கையோடு கோலின்றிச் சமநிலை. செப்டம்பர் 9, ஞாயிற்றுக்கிழமை, மாலேயில் வேலை நாள். அன்று இந்தியாவிடம் 0-2 என்று தோல்வி. இந்தியா அனுப்பியிருந்ததோ பெரும்பாலும் இருபத்து மூன்று வயதுக்குட்பட்டவர்களைக் கொண்ட இளம் அணி. ஒரு கோலும் அடிக்காத மாலத்தீவும், ஒரு கோலும் அடிக்காமல் இந்தியாவிடம் அதே 0-2 கணக்கில் தோற்றிருந்த இலங்கையும் எல்லா வகையிலும் சமமாக நின்றதால், நாணயம் சுண்டித்தான் யார் அரையிறுதிக்குப் போவது என்று முடிவு செய்தார்கள். நாணயம் மாலத்தீவின் பக்கம் விழுந்தது. மறுநாள் அலுவலகத்தில் யாரும் மகிழ்ச்சியைக் காட்டவில்லை. இப்படிப் போவதைவிடத் திரும்பி வந்திருக்கலாம் என்று எங்கள் கிடங்கு மேலாளர் சொன்னார்.

புதன்கிழமை நேபாளத்தை 3-0 என்று வென்றார்கள். அணித் தலைவர் அக்ரம் அப்துல் கனீ முதல் கோலை அடித்தார், இப்ராஹிம் வஹீத் ஹசன் இறுதிக் கட்டத்தில் இரண்டு போட்டார். அதன்பின் பேச்சின் தொனியே மாறிவிட்டது. சனிக்கிழமை இறுதிப் போட்டி, எதிரில் இந்தியா. கடைக்காரர் என்னைத் தொலைக்காட்சிக்கு நேர் எதிரே உட்கார வைத்து, "நீங்கள் எங்கள் விருந்தாளி, உங்கள் நாட்டுக்கே கைதட்டுங்கள்" என்றார். 19ஆவது நிமிடத்தில் இப்ராஹிம் மஹுதீ ஹுசைன் கோல் அடித்தார். 66ஆவது நிமிடத்தில் அலி ஃபாசிர் தனியே பந்தோடு ஓடியபோது கடையில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. பந்து வலைக்குள் சென்றதும் மேசைமேல் இருந்த தட்டுகள் எல்லாம் கீழே உருண்டன. ஆட்ட நேரத்தோடு கடைசியில் சேர்க்கப்பட்ட நிமிடங்களில் இந்தியாவின் சுமித் பாசி ஒன்றைத் திருப்பினார். 2-1 என்று ஆட்டம் முடிந்தது. இந்தியா தோற்ற வருத்தம் எனக்கு இருந்தது உண்மைதான். ஆனால் என் பக்கத்தில் இருந்த முதியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அந்த வருத்தத்தைத் தூக்கிப் பிடிக்க எனக்கு மனம் வரவில்லை.

கொழும்பிலிருந்து எழுதுபவர்:

அண்ணா, நாணயச் சுழற்சியின் மறுபக்கத்தில் நின்றவன் நான். அப்போது மாலேயில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்துகொண்டிருந்தேன். இலங்கை உதைபந்தாட்டத்தில் நாங்கள் தெற்காசியக் கிண்ணத்தை வென்றது 1995இல் ஒரு தடவை மட்டுமே. அதனால் ஒவ்வொரு முறையும் சிறிய நம்பிக்கை ஒன்று மிஞ்சியிருக்கும். அந்த முறை அதை ஒரு நாணயம் பறித்துக்கொண்டது. விடுதியில் என்னோடு வேலை செய்த மாலைதீவுப் பையன் அன்று இரவு என் அறைக்கு வந்து, ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். அதை நான் மறக்கவில்லை.

ஆனால் மாலைதீவின் முதல் கிண்ண வெற்றியையும் நேரில் கண்டவன் நான். 2008 யூன் 14, சுகததாச அரங்கு. அந்த ஆண்டுப் போட்டியை மாலைதீவும் இலங்கையும் சேர்ந்து நடத்தின. அரையிறுதியில் மாலைதீவு எங்களை 1-0 என வீழ்த்தியிருந்தபடியால், இறுதிப் போட்டிக்கு நான் இந்தியாவுக்கு ஆதரவாகவே போனேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டம் முடிய மூன்று நிமிடங்கள் இருக்கும்போது முக்தார் நசீர் அடித்த ஒரேயொரு கோல் எல்லாவற்றையும் முடித்துவைத்தது. அரங்கின் ஒரு மூலையில் சிவப்புச் சட்டையுடன் கொழும்பில் படிக்கும் மாலைதீவு மாணவர்கள் நின்றார்கள். அவர்கள் சத்தமிடவில்லை, முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உண்மையில் நடந்ததா என்று கேட்பது போல இருந்தது அந்தப் பார்வை. பதினொரு வருடங்களுக்கு முன், 1997இல், உலகக் கிண்ணத் தகுதிப் போட்டியில் ஈரானிடம் 17 கோல்கள் வாங்கிய நாடல்லவா!

அட்டூவில் ஆசிரியராக இருந்தவர்:

ஐயா குறிப்பிட்ட அந்த 17-0க்குப் பக்கத்திலேயே வைத்துச் சொல்ல வேண்டிய இன்னொரு கணக்கு உண்டு. நான் மாலேக்குத் தெற்கே ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள அட்டூவில் ஆறு ஆண்டுகள் கணிதம் கற்பித்தேன். எட்டாம் வகுப்பில் ஒரு மாணவனிடம் பூச்சியத்தின் மதிப்பைக் கேட்டபோது, "2004 மார்ச் 31, கொரியா" என்று பதில் சொன்னான். வகுப்பே கைதட்டியது. எனக்குப் புரியவில்லை, மாலை நேரத்தில் உடற்கல்வி ஆசிரியர்தான் விளக்கினார். 2002 உலகக் கோப்பையில் அரையிறுதிவரை சென்ற தென் கொரியாவை, அன்று மாலேயில் மாலத்தீவு 0-0 என்று நிறுத்தியது. அந்த மாணவன் அப்போது பிறந்திருக்கவே இல்லை. ஆனால் அவனுடைய வீட்டில் அந்தப் பூச்சியம் சொத்துபோலக் கைமாறி வந்திருந்தது.

கழகப் போட்டிகள் அட்டூவில் வானொலியிலும் கைப்பேசியிலும் கேட்கும் செய்திகளாகவே இருந்தன என்பது எனக்கு வருத்தம். திறமையுள்ள பையன் என்றால் பதினாறு வயதில் மாலேக்குக் கப்பலேற வேண்டும், அங்கே உறவினர் வீட்டின் நெரிசலில் தங்க வேண்டும். என் மாணவர்களில் இருவர் அப்படிப் போனார்கள். ஒருவன் ஓராண்டில் திரும்பி வந்து மீன்பிடிப் படகில் சேர்ந்தான்.

மாலேயில் கணக்கராக இருந்தவர்:

ஆசிரியர் ஐயா சொன்ன அந்தப் பையன்களைப் போன்றவர்களைத்தான் நான் ஹென்வேரு மைதானத்தில் மாலைதோறும் கண்டிருக்கிறேன். ஒரே திடலை எத்தனையோ அணிகள் மணிக்கணக்குப் போட்டுப் பங்கிட்டுக்கொள்ளும்; ஓர் அணி பந்தை எடுத்துக்கொண்டு வெளியேறும்போதே அடுத்த அணி உள்ளே ஓடும். தேசிய அணியில் இருந்த ஒருவர் எங்கள் தெருவிலேயே குடியிருந்தார். கோப்பையோடு அணி திரும்பிய இரவில் கொடி கட்டிய இருசக்கர வண்டிகள் கடற்கரைச் சாலையைச் சுற்றிச்சுற்றி வந்தன. மறுவாரம் அவர் கையில் மீன் பொட்டலத்தோடு வழக்கம்போல நடந்து போனார், வழக்கம்போல 'சலாம்' சொன்னார்.

அந்த ஆண்டு லீக் பட்டத்தை டிசி ஸ்போர்ட்ஸ் வென்றது. கோப்பை வந்த பிறகு நான் பார்த்த ஒரு கழகப் போட்டியில் பார்வையாளர்கள் சில நூறு பேர்தான் இருந்திருப்பார்கள். எங்கள் தெருவில் குடியிருந்த அந்த ஆட்டக்காரர் பந்தைத் தவறவிட்டபோது, இறுதிப் போட்டியன்று அழுத அந்த முதியவர் எழுந்து நின்று அவரைப் பெயர் சொல்லித் திட்டினார். முதியவர் எதிரணிக் கழகத்துக்காரர். ஆட்டம் முடிந்து வெளியே வந்தபோது இருவரும் ஒரே வண்டியில் ஏறிப் போனதைக் கண்டேன். முதியவர் அவருடைய தாய்மாமன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.