ரவுட்டரில் புது 4ஜி டாங்கிள் பேச மறுக்கிறது

மொட்டைமாடி: ஓபன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறந்த மூல இயங்குதளம்) போட்ட பழைய ரவுட்டரில், சிம் போட்டு யூஎஸ்பியில் செருகும் ஹுவாவே இ3372 டாங்கிளைச் செருகினேன். மடிக்கணினியில் இணையம் வருகிறது. இங்கே விளக்கு மட்டும் மினுக்குகிறது. யூஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி கட்டளை அதன் அடையாள எண்ணை 12டி1:1எஃப்01 என்று காட்டுகிறது. மூன்று இரவுகள் போயின.

கம்பிச்சுருள்: 1எஃப்01 என்றால் அது இன்னும் தன்னைக் குறுந்தகடு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. விண்டோஸுக்கான டிரைவர் அதற்குள் இருக்கும். அந்த நிலையை மாற்றும் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச், பிறகு அதை ஈதர்நெட் முகப்பாகக் காட்டும் சிடிசி-ஈதர் ஆகிய தொகுப்புகளை நிறுவுங்கள். எண் 14டிசி என்று மாற வேண்டும்.

மொட்டைமாடி: தொகுப்பை இறக்கவே இணையம் வேண்டுமே ஐயா! மடிக்கணினியில் இறக்கி எஸ்சிபி (வலைவழிக் கோப்பு நகல்) வழியே ரவுட்டருக்கு அனுப்பினேன். 14டிசி வந்துவிட்டது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை.

அரைவோல்ட்: மின்சாரம் போதுமா? யூஎஸ்பி 2.0 துளை தர வேண்டியது 500 மில்லிஆம்பியர்தான். சிக்னல் மங்கினால் டாங்கிள் கூடுதலாகக் குடிக்கும்.

கம்பிச்சுருள்: அதற்கு முன் ஒன்று. ரவுட்டரில் ஏபிஎன் (சிம் நிறுவனத்தின் இணைய நுழைவுப் பெயர்), டயல் எண் எதுவும் எழுதாதீர்கள். இந்த நிலையில் டாங்கிளே ஒரு குட்டி ரவுட்டர். புது ஈதர்நெட் முகப்பை டிஎச்சிபியில் (முகவரியைத் தானே பெறும் முறை) வையுங்கள், போதும். டாங்கிளின் முகவரி 192.168.8.1. உங்கள் லேன் (ரவுட்டரின் உள்வலை) முகவரி என்ன? இரண்டும் ஒன்றானால் மோதும்.

மொட்டைமாடி: அதே 192.168.8.1! போன வருடம் நானே மாற்றி வைத்த வினை. லேனை 192.168.20.1க்கு மாற்றினேன், இணையம் வந்துவிட்டது.